பினாங்குத் தாத்தாவின் மின்சாரம்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தாத்தா இருந்தார். முப்பது வருஷம் பினாங்கில் காலம் தள்ளிவிட்டு வந்தவர். ஆகையால் பினாங்குத் தாத்தா. தெருவிளக்கு அணைந்துவிட்டால் போதும், திண்ணையிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

"எங்க ஊரிலே முனிசிபாலிடியே கரண்டு உண்டாக்கும்டா. யார்கிட்டேயும் போய் நிற்காது!"

தாத்தா அளக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிற்பாடு படித்துப் பார்த்தபோது அவ்வளவும் வாஸ்தவம் என்று தெரிந்தது.

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு 1904-லேயே மின்சாரம் வந்துவிட்டது. நகரசபையின் சொந்த மின்சாரம். ஆனால் இயந்திரம் வாங்கிய எந்த ஊருக்கும் ஒரு சங்கடம் உண்டு. விளக்கு எரிவது பொழுது சாய்ந்த பிறகுதான். பகலெல்லாம் இயந்திரம் சும்மா கிடக்கும். முதலுக்கு வட்டியோ சும்மா இருக்காது. பகலில் அதற்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். ஜார்ஜ் டவுன் நகரசபை 1906-ல் மின்சார டிராம் விட்டது. பகலில் டிராம், இரவில் விளக்கு. 1925-ல் டிராலி பஸ் வந்தது. 1936-க்குள் டிராம் மறைந்தது. டிராலி பஸ் 1961 வரை ஓடிற்று.

சென்னையிலும் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. ஆனால் டிராம் ஒரு கம்பெனி, விளக்கு வேறொரு கம்பெனி. பம்பாயில் டிராமும் விளக்கும் ஒரே கம்பெனி கையில் இருந்தன. 1905-ல் சொந்த மின் நிலையமும் வைத்துக்கொண்டார்கள். பிறகு டாட்டாவிடமிருந்து வாங்குவதே லாபமென்று கண்டு, சொந்த உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 1947-ல் மாநகராட்சி அந்தக் கம்பெனியை வாங்கியபோது கையில் கிடைத்தது கம்பிதான், அடுப்பு இல்லை.

நம் ஊர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. லைசென்ஸ் கெடு முடிந்ததும் கம்பெனியை வாங்கிக்கொள்ளும் உரிமையை 1910-ம் வருஷத்துச் சட்டம் ஸ்தல ஸ்தாபனத்துக்குக் கொடுத்திருந்தது. அதற்குள் பைக்காரா 1932-லும் மேட்டூர் 1937-லும் வந்துவிட்டன. அருவித் தண்ணீரோடு ஊர் எண்ணெய் எஞ்சின் போட்டி போடுமா? 1957-ல் மின்சார வாரியமும் வந்தது.

அதே 1957-ல்தான் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. முதல் மேயர் நம் தமிழர், டி. எஸ். ராமநாதன். அந்த நகரசபையின் வருமானம் பினாங்கு மாநில சர்க்காரின் வருமானத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! இப்படிப்பட்ட சபையை மேலே இருப்பவர்கள் எத்தனை நாள் விட்டு வைப்பார்கள்? 1965-ல் ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. மறு வருஷம் சபையின் அதிகாரம் மாநில முதலமைச்சரிடம் போயிற்று. 1976-ல் மின்சாரமும் தேசிய வாரியத்திடம் போய்ச் சேர்ந்தது. தாத்தா அதைப் பார்க்கவில்லை.

தாம்பரம்–விழுப்புரம் பாதையை மின்மயமாக்கிய அறுபதுகளில் ஒரு கல்யாணத்துக்காக அவரை விழுப்புரம் அழைத்துப் போனேன். பிளாட்பாரத்தில் நின்று வெகு நேரம் மேலேயே அண்ணாந்து பார்த்தார்.

"ஒத்தைக் கம்பிதானே இருக்கு? டிராலி பஸ்ஸுக்கு ரெண்டு வேணும்."

"ரயிலுக்குத் தண்டவாளமே இன்னொரு கம்பி, தாத்தா. டிராலி பஸ்ஸுக்கு ரப்பர் சக்கரம் இல்லையா?"

"அது தெரியும்டா. கரண்டு யாருது?"

"போர்டுது."

"விழுப்புரத்துது இல்லையா?"

"இல்லை, தாத்தா."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார்.