ஒரு பிரிண்டரும் நாலு கம்ப்யூட்டரும் - ஒரு சின்ன வரலாறு

வீட்ல எத்தனை கம்ப்யூட்டர் இருந்தாலும் பிரிண்டர் என்னமோ ஒண்ணுதான். அதுவும் பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூணும் செய்யற ஆல்-இன்-ஒன். இதை எல்லாருக்கும் பொதுவாக்குற பிரச்சினை ஏதோ நம்ம காலத்துல வந்ததுன்னு நினைச்சா தப்புங்க. இன்னிக்கு நாம கட்டிக்கிட்டு அழற ஈதர்நெட் பிறந்ததுக்கே பிரிண்டரும் ஒரு காரணம்!

1971ல் கலிஃபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துக்கு கேரி ஸ்டார்க்வெதர் வந்து சேர்ந்து லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அங்குல‌த்துக்கு 500 புள்ளி, நொடிக்கு ஒரு பக்கம். ஆளுக்கொண்ணு வாங்குற சாமானா அது? ஆல்டோ கம்ப்யூட்டர்கள் எல்லாத்துக்கும் பொதுவா வைக்கணும். ஒரு பக்கத்தை வெறும் புள்ளிகளா அனுப்பினா சுமார் 2.3 கோடி பிட். 9600 பிட் வேக சீரியல் கம்பியில அனுப்ப 40 நிமிஷம் ஆகும். பாப் மெட்காஃப் 1973ல் முன்வைத்த ஈதர்நெட்டோட 2.94 மெகாபிட் வேகத்துல எட்டே நொடி. கணக்கு புரியுதா?

பொது பிரிண்டரால ஒரு இயக்கமே கிளம்பின கதையும் உண்டு. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தில் பேப்பர் சிக்கினா, காத்திருக்கிறவங்களுக்குத் தகவல் போற மாதிரி பழைய பிரிண்டரின் நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் மாத்தி வச்சிருந்தார். 1980 வாக்கில் வந்த புது ஜெராக்ஸ் பிரிண்டருக்கு மூலநிரல் தரல. அதை வச்சிருந்த ஒருத்தர்கிட்ட நேர்ல போய்க் கேட்டும், 'யாருக்கும் தரமாட்டேன்னு ஒப்பந்தம் போட்டிருக்கேன்'னு மறுத்துட்டார். அந்தக் கசப்பும் சேர்ந்துதான் 1983ல் குனூ திட்டம் பிறந்தது.

1985ல் ஆப்பிளின் லேசர்ரைட்டர். விலை 6,995 டாலர். மேக்கைவிட வேகமான பிராசசர் அதுக்குள்ள! யானை விலைங்கறதாலேயே பல மேக்குகள் பங்கு போட்டுக்க லோக்கல்டாக் வசதியோட வந்தது. 1992ல் விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் வந்து, சாதாரண பிசியில மாட்டின பிரிண்டரையும் பக்கத்து மேசைக்காரர் பயன்படுத்த வழி செஞ்சது. லினக்ஸ்காரங்களை இந்தப் பந்தியில உட்கார வச்சது ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கின சாம்பா.

வீடுகளுக்கு வந்ததும் இந்த முறைதான். இதுல ரெண்டு தலைவலி. பிரிண்டர் மாட்டின கம்ப்யூட்டர் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணும். அடுத்து, விண்டோஸ் ஷேரிங் பகிர்ந்தது பிரிண்டரை மட்டும்தான், ஸ்கேனரை இல்ல. மூணு வேலை செய்யற மெஷின், பக்கத்து ரூமுக்கு ஒரு வேலைதான் செய்யும் :-) லினக்ஸ்ல சேன் மூலமா ஸ்கேனரையும் பகிரலாம், ஆனா அதைச் செட் பண்ணப் பொறுமை வேணும்.

பிரிண்டரே நெட்வொர்க்ல ஒரு ஆளா உட்கார்ந்ததும்தான் விடிவு. அதுக்கான பொதுமொழி ஐபிபி. 1999ல் மைக்கேல் ஸ்வீட் வெளியிட்ட கப்ஸ் அதை மையமா வச்சே எழுதப்பட்டது. 2010ல் வந்த ஏர்பிரிண்ட் நிற்பதும் அதே ஐபிபி மேலதான்.

இதுக்கு நடுவுல கூகுள் வேற பாதை போட்டது. கிளவுட் பிரிண்ட். பக்கத்து ரூம் பிரிண்டருக்குப் போற பக்கம்கூட கூகுள் சர்வரைச் சுத்திட்டுத்தான் வரும். 2020 டிசம்பர் 31ல் கடையைச் சாத்திட்டாங்க. அதை மட்டுமே நம்பியிருந்தவங்க நடுத்தெருவுல. வீட்டுக்குள்ள பொதுவா இருக்க வேண்டிய ஒண்ணுக்குச் சாவி வெளியாள் கையில இருந்தா இப்படித்தான் ஆகும். ஸ்டால்மன் பட்ட அதே பாடு, நாப்பது வருஷம் கழிச்சு.

அதனால புதுசா மல்டிஃபங்ஷன் வாங்கறவங்க இங்க் விலையோட இன்னொண்ணும் பாருங்க: தனி டிரைவர் இல்லாம ஐபிபியில பிரிண்ட் எடுக்குமா, நெட்வொர்க் வழியா ஸ்கேன் செய்யுமா? ரெண்டுக்கும் ஆமான்னா கம்பெனி கைவிட்டாலும் உங்க பிரிண்டர் உங்களைக் கைவிடாது.

உங்க வீட்டு பிரிண்டர் எந்தக் காலத்துல இருக்கு? சொல்லிட்டுப் போங்க மக்களே.