காமாலைக்குக் கீழாநெல்லி

கீழாநெல்லி மழை பெய்ததும் தானே முளைக்கும் ஓராண்டுச் செடி. வரப்பு, தோட்டத்துப் பாத்தி, கிணற்றடி, பூந்தொட்டி என ஈரம் தங்கும் இடங்களில் எல்லாம் வளரும். முழ உயரத்தைத் தாண்டுவது அரிது. இணுக்கைத் திருப்பிப் பார்த்தால் இலைகளுக்கு அடியில் கடுகைவிடச் சற்றே பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். செடி முழுவதும் கசப்பு. களையாகப் பிடுங்கி எறியப்படும் இதைத் தமிழகத்தில் மக்கள் தேடிப் போனது பெரும்பாலும் மஞ்சள் காமாலைக்காகத்தான்.

செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் வைத்து மைய அரைப்பார்கள். விழுதை நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரிலோ ஆட்டுப்பாலிலோ கரைத்துக் காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பது வழக்கம். சீரகம் சேர்த்து அரைப்பதும் உண்டு. மருந்தைவிடக் கடுமையானது பத்தியம்: எண்ணெய், காரம், புளி, இறைச்சி எல்லாம் விலக்கு; மோர்ச்சோறே உணவு. பல ஊர்களில் இந்த மருந்தைக் கொடுப்பதற்கென்றே ஒரு குடும்பம் இருந்தது. காசு வாங்க மாட்டார்கள். செடியையும் காட்ட மாட்டார்கள், அரைத்த உருண்டைதான் கைக்கு வரும். பெரும்பாலும் அது ஊரறிந்த ரகசியம்.

இந்த மருந்து பெற்ற பெயருக்கு நோயின் போக்கும் ஒரு காரணம். அசுத்தமான குடிநீரால் பரவி மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஏ வகைக் கல்லீரல் அழற்சி, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். குணமானபோது பெருமை செடிக்குப் போயிற்று. பித்தநாளக் கல் போன்ற வேறு காரணங்களால் மஞ்சளித்தவருக்கு மருந்து பலிக்காதபோது, பத்தியம் முறிந்தது என்று சொல்லிவிட முடிந்தது.

மற்ற பயன்கள் சிறியவை. நீர்க்கடுப்புக்குச் சாறு குடித்தார்கள். சொறி சிரங்குக்கு இலையை உப்புடன் அரைத்துப் பூசினார்கள். நல்லெண்ணெயில் காய்ச்சிய தைலத்தைக் கண் குளிர்ச்சிக்காகத் தலைக்குத் தேய்த்து முழுகினார்கள். பிரேசிலில் இந்த இனச் செடிகளுக்குக் கல்லுடைப்பான் என்று பொருள்படும் பெயர் உண்டு. அங்கே இது சிறுநீரகக் கல்லுக்கான மருந்து.

ஐரோப்பியர் நூலில் இச்செடி இடம்பெற்றது மலையாளக் கரையிலிருந்து. டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ அதைக் கிர்கநெல்லி என்று பதிவு செய்தது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் பில்லாந்தஸ் நிரூரி என்று பெயரிட்டார். ஆனால் அப்பெயருக்கு உரியது அமெரிக்க நாட்டுச் செடி என்றும், இந்தியாவில் பரவலாக வளர்வது பில்லாந்தஸ் அமாரஸ் என்றும் தாவரவியலார் பின்னர் பிரித்துக் காட்டினர். இந்தக் குழப்பத்தால் பழைய ஆய்வுகளில் எந்தச் செடி பயன்பட்டது என்பதே பல இடங்களில் சந்தேகத்துக்கு உரியது.

ஆய்வுக்கூடம் கவனித்தது 1980களில். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பி வகைக் கல்லீரல் அழற்சி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து ஆராய்ந்தனர். அவர்கள் 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட முடிவு பரபரப்பானது: கீழாநெல்லித் தூளை 30 நாள் உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது, மருந்துப்போலி உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. ஆனால் 1990இல் அதே இதழில் வந்த தாய்லாந்து ஆய்வில் அந்தப் பலன் கிட்டவில்லை. பின்னர் நடந்த சோதனைகளும் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

வீட்டு வைத்தியமும் ஆய்வுக்கூடமும் எழுப்பியது ஒரே கேள்வி அல்ல. வீட்டு வைத்தியம் பார்த்தது கண்ணிலும் சிறுநீரிலும் ஏறிய மஞ்சளை. ஆய்வுக்கூடம் தேடியது, வெளியில் எந்த அறிகுறியும் இல்லாதவர் ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும் வைரஸை. சித்த மருத்துவத்தில் சூரணமாகவும் தைலமாகவும் கீழாநெல்லி இன்றும் புழக்கத்தில் உள்ளது.