பெயரைச் சுமந்து வந்த சாலை

தில்லி கரோல்பாகில் வாழும் தமிழன்பர்கள் புசா ரோட்டை நன்கறிவர். ஆயினும் அப்பெயர் தில்லிக்குரியதன்று. பீகாரிலுள்ள புசா என்னும் சிற்றூரில் 1905ஆம் ஆண்டு வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1934 ஜனவரி 15ஆம் நாள் நேர்ந்த பூகம்பம் அதன் மாளிகையைச் சிதைத்தது. 1936இல் நிலையம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. நம்மைப் போன்றே ஊர்ப்பெயரையும் உடன் கொணர்ந்தது.

அன்று வட பீகாரின் பல இடங்களில் வண்டல் நிலம் நீரையும் மணலையும் கக்கிற்று. கட்டடங்கள் சாய்ந்தன, சில மண்ணுள் அமிழ்ந்தன. நீரூறிய நுண்மணலில் துகள்களைப் பிணைக்கும் களி குறைவு. கடுமையாக அதிர்ந்தால் அது குழம்பாகிவிடும்.

அங்ஙனமாயின் களி மிகுந்தால் நலமோ? அது களியின் இனத்தைப் பொறுத்தது. கோவில்பட்டிக் கரிசலில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் தன் அடுக்குகளுக்கிடையே நீரை ஏற்று வீங்கும். கோடையில் சுருங்கி வெடிக்கும். மேலெழுந்த சுவரும் உடன் பிளக்கும். கயோலினைட் என்னும் வெண்களியோ அவ்வளவு வீங்குவதில்லை.

ஆதலின் ஊரில் வீடு கட்ட விழைவோர் மண்ணின் நிறத்தை மட்டும் நோக்காது, அதனுள் உறையும் களியையும் சோதித்தறிதல் வேண்டும். நிலம் நடுங்கிய ஓர் ஊரின் பெயர் நம் தெருவில் நின்று நினைவூட்டுவது அதனையே.