ஜெல் பொலிஷ்: முதல் தடவை போடுவதற்கு முன்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா என்று திருமணப் பெண்ணை அலங்கரிக்கும் அழகுக்கலை நிலையங்களில் மருதோண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இடம்பிடித்துவிட்டது: ஜெல் பொலிஷ். சிலர் ‘ஷெலாக்’ என்கிறார்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்துநிற்கும் மச்சாளின் கையில் பார்த்துவிட்டு, தங்கைக்கோ மகளுக்கோ போடுவோம் என்று கிளம்புபவர்களே அதிகம். வழமையான கியூட்டெக்ஸ் மூன்று நாளில் உரிந்துவிடும். இதுவோ பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்து, தேங்காய் திருவிய பின்னும் இரண்டு கிழமை வரை நிற்கும். எப்படி நிற்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், எங்கே கவனம் வேண்டும் என்பதும் விளங்கும்.

சாதாரண நகப்பூச்சில் இருக்கும் கரைப்பான் காற்றில் ஆவியாகிப்போக, சாயப்படலம் நகத்தில் மிஞ்சும். ஜெல் அப்படிக் காய்வதில்லை. அதிலிருக்கும் அக்ரிலேற் வகை மூலக்கூறுகள், விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியான பிளாஸ்ரிக் படலமாகின்றன. அமெரிக்காவின் சி.என்.டி. நிறுவனம் 2010இல் ‘ஷெலாக்’ என்ற பெயரில் தன் பூச்சை விற்கத் தொடங்கிய பிறகே இந்த முறை உலகெங்கும் பரவியது. ஷெலாக் என்றால் ஆங்கிலத்தில் அரக்கு. ஆனால் இந்தப் பூச்சில் அரக்கு இல்லை, பெயர் மட்டும்தான்.

முதலில் நகத்தை வெட்டிச் சீராக்கி, அடித்தோலை மெதுவாகப் பின்தள்ளி, எண்ணெய்ப்பசை போகத் துடைப்பார்கள். பிறகு அடிப்பூச்சு, இரண்டு தடவை நிறம், மேற்பூச்சு. ஒவ்வொரு படைக்கும் கையை விளக்குக்குள் வைக்கவேண்டும். எல்.ஈ.டி. விளக்கென்றால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம், பழைய வகைக் குழாய் விளக்கென்றால் இரண்டு நிமிடம் வரை. எல்லாமாக ஒரு மணித்தியாலம் ஒதுக்கிக்கொண்டு போவது நல்லது.

விளக்குக்குள் விரல் நுனி திடீரென்று சுடும். மூலக்கூறுகள் பிணையும்போது வெப்பம் வெளிவருவதுதான் காரணம். சுட்டால் உடனே கையை வெளியே எடுக்கலாம், ஒன்றும் பழுதாகாது. ஆனால் அந்தச் சூட்டை உணரமுடியாதவர்கள் நம்மிடையே குறைவில்லை. செல் துண்டு பட்டு நரம்பு அறுந்த கைகள், எரிகாயத் தழும்புள்ள விரல்கள், நீரிழிவால் மரத்துப்போன நுனிகள். இப்படி இருந்தால் தொடங்கும் முன்னரே சொல்லிவிடுங்கள். படையை மெல்லியதாகப் பூசினால் சூடு குறையும், அந்த விரலை விட்டுவிடவும் செய்யலாம். காயத்தால் நகம் பிளந்தோ உயர்ந்தோ வளர்ந்திருந்தால் அதை அராவி மட்டமாக்க விடக்கூடாது. காயத்தைப் பற்றி அந்நியரிடம் சொல்லத் தயங்குவது புரிகிறது. ‘இந்த விரலில் உணர்ச்சி இல்லை’ என்ற ஒரு வசனம் போதும்.

விளக்கின் கதிரைப் பற்றி நிறையப் பயமுறுத்தல்கள் உலாவுகின்றன. 2023இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களை இவ்வகை விளக்கில் 20 நிமிடம் வைத்தபோது 20 முதல் 30 சதவீதமானவை இறந்ததையும், எஞ்சியவற்றின் மரபணுவில் சேதம் இருந்ததையும் கண்டார்கள். அவை தட்டில் இருந்த கலங்கள், மேல்தோலால் மூடப்பட்ட கை அல்ல. கொண்டாட்டத்துக்கு ஒருமுறை போடுபவர் இதற்காகத் தூக்கம் கெடத் தேவையில்லை. மாதாமாதம் போடுபவர் கையில் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளலாம், அல்லது விரல்நுனி வெட்டிய கையுறை அணியலாம். ‘எல்.ஈ.டி. விளக்கில் புற ஊதாக் கதிர் இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

என் பார்வையில் கதிரைவிடப் பெரிய விடயம் ஒவ்வாமை. இறுகாத ஜெல் தோலில் படும்போதுதான் அது தொடங்குகிறது. நகத்தைச் சுற்றிச் சொறி, வெடிப்பு, சிலருக்கு அந்தக் கை பட்ட கண்மடலிலும் வீக்கம். பிரித்தானியத் தோல்நோய் வைத்தியர் சங்கம் 2018இலேயே இதைப்பற்றி எச்சரித்தது. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே இருக்கும். இதே குடும்பத்துப் பொருட்கள்தான் பல் அடைப்பிலும், முழங்கால் மூட்டு மாற்றும்போது பாவிக்கும் எலும்புச் சீமெந்திலும், சிலவகைச் செயற்கைக் கால்களின் கிண்ணத்தை வார்க்கும் பிசினிலும் இருக்கின்றன. முழுதாக இறுகியது பெரும்பாலும் தொல்லை தராது. என்றாலும் ஜெல் போட்டு அரிப்பு வந்தவர், பல் வைத்தியரிடமும் கால் பொருத்துபவரிடமும் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். இணையத்தில் மலிவாக வாங்கும் பெட்டியை வைத்து வீட்டில் போடுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் மேலே இறுகியிருக்கும், உள்ளே இறுகாமலே கிடக்கும்.

கழற்றுவதற்கும் நிலையத்துக்கே போவது நல்லது. போடும்போதே கழற்றும் கூலியையும் கேட்டுவையுங்கள். மேற்படையை இலேசாக அராவி, அசெட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் படலம் தானாக மேலெழும். பொறுமையில்லாமல் பிய்த்தால் நகத்தின் மேற்படையும் சேர்ந்து வரும். கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவுதான் வளரும், முழுதாகப் புதுப்பிக்க ஆறு மாதம் தேவை. ஓரம் எழும்பிய பூச்சை அப்படியே வைத்திருந்தால் அடியில் ஈரம் தங்கி நகம் பச்சையாகும். அது பற்றீரியாத் தொற்று, மேலே இன்னொரு நிறம் பூசி மறைக்கக்கூடாது. அசெட்டோன் இலகுவில் தீப்பற்றும், அடுப்படியில் வைத்துக் கழற்றவேண்டாம்.

சத்திரசிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ நாள் குறித்திருந்தால் முன்னரே கழற்றிவிடுங்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவியின் கணிப்பைக் கடும் நிறங்கள் குழப்பலாம். வைத்தியசாலையில் அவசரத்துக்கு இதைத் துடைத்தெடுக்கவும் முடியாது.

கணவனைப் போரில் இழந்த பெண் நகத்துக்கு நிறம் பூசினால் ‘உனக்கு உது எதுக்கு’ என்று கேட்கும் வாய்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. அந்தக் கேள்விக்கு வைத்தியக் காரணம் எதுவும் இல்லை.

போடுபவரைவிட, போட்டுவிடுபவருக்கே ஆபத்து அதிகம். போருக்குப் பிறகு தையலைப்போலவே அழகுக்கலையையும் பழகி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மார் வடக்கு கிழக்கில் இருக்கிறார்கள். நாள்முழுக்க இந்தப் பொருளோடு இருப்பவர்கள் அவர்கள்தான். யன்னல் திறந்திருக்கவேண்டும், நைற்றைல் கையுறை அணிந்து அதை அடிக்கடி மாற்றவேண்டும், தோலில் பட்ட ஜெல்லை விளக்கில் வைக்கும் முன்னரே துடைத்துவிடவேண்டும். போத்தலில் ‘ஹேமா’ என்ற சேர்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வாமைக்கு முக்கிய காரணி அதுதான் என்பதால், அது கலந்த நகப்பூச்சை ஐரோப்பிய ஒன்றியம் தொழில்முறைப் பாவனைக்கு மட்டுமே அனுமதிக்கிறது. ‘ரி.பி.ஓ.’ என்ற இன்னொரு சேர்மானத்தை, விலங்கு ஆய்வுகளில் இனப்பெருக்கத்தைப் பாதிப்பதாகக் கண்டதால், 2025 செப்டெம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் முற்றாகத் தடைசெய்திருக்கிறது. அது இல்லாத ஜெல்களும் சந்தையில் உண்டு. அடுத்த தடவை சரக்கு எடுக்கும்போது கடைக்காரரிடம் கேட்டு வாங்கலாம்.