நடந்தால் மட்டும் போதுமா?

மலைப் பள்ளிகளுக்காக நம் சங்கம் நடத்தவிருக்கும் நிதி நடைக்கு, கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை அடிவாரம் வரை பாதை பார்த்தாயிற்று. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பர்கள் வாக்கும் கொடுக்கிறார்கள். கணக்குப் பொறுப்பு என்னிடம். அதனால்தான் எனக்கு வினோபா பாவே நினைவுக்கு வருகிறார்.

1951 ஏப்ரல் 18 அன்று போச்சம்பள்ளியில் ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் கொடுக்க, பூதானம் பிறந்தது. ஆறில் ஒரு பங்கு கேட்டு ஊர் ஊராக நடந்த வினோபா, 1956-ல் தமிழ்நாட்டுக்கும் வந்தார். வாக்காக வந்தது லட்சக்கணக்கான ஏக்கர். ஆனால் பாறை, வழக்கு என்று எத்தனையோ நிலம் ஏழையின் கைக்குப் போகவே இல்லை. கொடுத்த வாக்கு செல்லுபடியாக இங்கே 1958-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

கல்வராயன் மலைவாசிகளுக்குக் காத்திருப்பது புதிதல்ல. நாடு 1947-ல் விடுதலை பெற்றது. அங்கே ஜாகீர் ஒழிந்ததோ 1976-ல்தான்!

ஆகவே நண்பர்களே, மோர்ப் பந்தல், போலீஸ் அனுமதி எல்லாம் பார்த்துக்கலாம். முதலில் ரசீதுப் புத்தகம். நடைக்கு முந்தின நாளே பணம் வந்துடணும். வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிகளுக்கு எதையும் சொல்லணும்.