பொறுத்துப் பார்க்கக் கூடாத வயிற்றுவலி

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வலது அடிவயிற்றில், விரல் நீளத்துக்குத் தொங்கும் மெல்லிய குழாய் குடல்வால். அது வீங்கிச் சீழ் பிடிப்பதால் வரும் வலிதான் மனிதர்களை அவசர அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வயிற்றுவலிகளில் முதன்மையானது. அந்த வலியைச் சாதாரண வயிற்றுவலியிலிருந்து பிரித்தறிய மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய 150 ஆண்டுகள் பிடித்தன.

1735-இல் லண்டனில் கிளாடியஸ் அம்யாண்ட், குடலிறக்கத்தால் அவதிப்பட்ட 11 வயதுச் சிறுவனுக்கு அறுவை செய்தபோது, ஒரு குண்டூசி குடல்வாலைத் துளைத்திருப்பதைக் கண்டு அதை வெட்டி எடுத்தார். மயக்கமருந்து வருவதற்கு நூறாண்டுக்கும் முந்தைய காலம் அது. சிறுவன் பிழைத்தது பெரிய காரியம். ஆனால், வலியை வைத்து நோயைக் கணித்துச் செய்த அறுவை அல்ல அது. 1827-இல் பாரிஸில் மெலியே என்ற மருத்துவர் குடல்வாலே இந்நோயின் இருப்பிடம் என்று எழுதினார். அன்றைய பிரெஞ்சு அறுவை மருத்துவத்தின் பெருந்தலையான டூப்யூட்ரன், பெருங்குடலின் தொடக்கப் பகுதியைத்தான் காரணமாகச் சொன்னார். அவர் சொல்லே நின்றது. நோயாளிகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

அபின், ஒத்தடம், பேதிமருந்து ஆகியவையே அக்காலச் சிகிச்சை. இவற்றில் மிகக் கெடுதலானது பேதிமருந்து. மலம் கட்டியதால் வந்த வலி என்று எண்ணிக் குடலை முடுக்கிவிட, வீங்கியிருந்த குடல்வால் வெடித்துச் சீழ் வயிறெங்கும் பரவ வழி ஏற்பட்டது. வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெய் கொடுக்கும் நம் வீட்டு வழக்கத்திலும் இதே ஆபத்து இருக்கிறது.

1886-இல் பாஸ்டன் நோயியல் பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், குடல்வால் துளைபட்ட 257 பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். பெரும்பாலோருக்கு முதல் அறிகுறி திடீரென வந்த கடும் வயிற்றுவலி. நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயரிட்டவரும் அவரே. கடும் வலி தொடங்கி 24 மணி நேரம் கடந்தும் அழற்சி பரவிக்கொண்டே போனால் உடனடி அறுவையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். வலிக்கு முதல்முறையாக ஒரு கெடு வைக்கப்பட்டது.

எங்கே தொடுவது என்பதை 1889-இல் நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி காட்டினார். வலது இடுப்பெலும்பின் முன்முனையையும் தொப்புளையும் ஒரு கோட்டால் இணைத்தால், எலும்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் ஒரே விரலால் அழுத்தும்போது நோயாளி துடிப்பார். சிகாகோவின் ஜான் மர்ஃபி அறிகுறிகளின் வரிசையைக் கவனித்தார்: முதலில் வலி, பிறகு குமட்டலும் வாந்தியும், அதன்பின் தொட்டால் வலி, கடைசியில் காய்ச்சல். வாந்தி முந்திக்கொண்டு வலி பின்னால் வந்தால் வேறு நோயைத் தேட வேண்டும் என்பது அவர் பாடம். வலி இடம் மாறுவதற்கும் காரணம் உண்டு. குடல்வாலின் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சொல்லமாட்டா. ஆகவே முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமாக வலிக்கும். அழற்சி வயிற்றுச் சுவரின் உட்சவ்வைத் தொட்ட பிறகே வலி வலப்பக்கம் இறங்கிக் கூர்மையாகும். அப்போது இருமினாலும் நடந்தாலும் குத்தும்.

இந்நோயைப் பொதுமக்கள் பேச்சுக்குக் கொண்டுவந்தது ஓர் அரசரின் வயிற்றுவலி. 1902 ஜூன் 26-ஆம் நாள் முடிசூட வேண்டிய ஏழாம் எட்வர்டு, விழாவைத் தள்ளிவைக்க மறுத்து வலியைப் பொறுத்தார். அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் விடவில்லை. 24-ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே வயிற்றைத் திறந்து சீழை வடித்தார். ஆகஸ்ட் 9-இல் முடிசூட்டு விழா நடந்தது. அந்த டிரீவ்ஸின் இளைய மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நோயால் இறந்திருந்தாள். அவருடைய பிடிவாதத்தை அந்த இழப்போடு சேர்த்தே புரிந்துகொள்ள வேண்டும்.

1921-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜக்கரி கோப், கடும் வயிற்றுநோய்களை முன்கூட்டியே கண்டறிவது பற்றிய கையேட்டை வெளியிட்டார். அதுவரை நன்றாக இருந்த ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி வந்து ஆறு மணி நேரம் நீடித்தால், பெரும்பாலும் அது அறுவை மருத்துவர் பார்க்க வேண்டிய நோயே என்ற அவர் விதி தலைமுறைகளைத் தாண்டி நின்றது. கண்டறியும் முன் மார்ஃபின் கொடுக்கக் கூடாது என்ற அவர் அறிவுரை அப்படி நிற்கவில்லை. வலியைத் தணிப்பதால் நோயைக் கணிப்பது கெடுவதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின; நோயாளிகள் தேவையின்றித் துடிப்பது ஒழிந்தது.

கோப்பின் விதியோ மர்ஃபியின் வரிசையோ எல்லோருக்கும் பொருந்துவதில்லை. சிறு குழந்தைக்கு வலியைச் சொல்லத் தெரியாது. முதியவர்களுக்கு நோய் முற்றினாலும் வலி மட்டாகவே தெரியலாம். கர்ப்பிணிகளுக்குக் கருப்பை வளர வளரக் குடல்வால் மேலே தள்ளப்படுவதால் வலியும் மேலே தெரியக்கூடும். இவர்களுக்கு ஆறு மணி நேரம் காத்திருப்பதே அதிகம். கடுமையாக வலித்துக்கொண்டிருந்த வயிறு திடீரென ஓய்ந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடல்வால் வெடித்ததும் சிறிது நேரம் வலி தணிந்து, பிறகு வயிறு முழுவதும் பரவுவது உண்டு.