ஸ்காட்ச் மால்ட்டும் வட்டாரக் குணமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஐலா தீவு விஸ்கிக்குப் புகைநெடி, ஸ்பேசைடு விஸ்கிக்குப் பழவாசம், தாழ்நில விஸ்கிக்கு மென்மை என்று நூல்கள் வகைபிரிக்கின்றன. இவ்வேறுபாட்டுக்கு மண்ணையும் நீரையும் காரணம் காட்டுவது வழக்கம். வரிச் சட்டமும் எரிபொருளும் கலப்பு விஸ்கி வணிகரின் தேவையுமே இவற்றைப் பெரிதும் உருவாக்கின என்பது இக்கட்டுரையின் கருத்து.

முதல் எல்லையைப் போட்டது அரசு. 1784ஆம் ஆண்டின் சட்டம் ஸ்காட்லாந்தின் குறுக்கே மேட்டுநிலக் கோட்டை வகுத்தது. வடக்கே சிறு கொப்பரைகளுக்கு வரிச்சலுகை கிடைத்தது. அடுத்த ஆண்டே அந்தச் சரக்கு கோட்டைத் தாண்டி வரத் தடை வந்தது. தெற்கே விரைவில் கொப்பரையின் கொள்ளளவுக்கே கட்டணம் என்றானது. எத்தனை ஈடு வடித்தாலும் கட்டணம் ஒன்றுதான்! வடிப்போர் சும்மா இருப்பார்களா? அகலமான, ஆழமற்ற கொப்பரைகளைச் செய்து, ஊறலைச் சில நிமிடங்களிலேயே காய்ச்சி இறக்கினர். அவசரத்தில் வடித்த அந்தச் சரக்கில் காரமும் கசடுமே மிஞ்சின. மலைக்குள் சிறு கொப்பரையில் நிதானமாக வடித்த கள்ளச்சாராயத்துக்கு நகரங்களில் கிராக்கி ஏறியது. மேட்டுநில விஸ்கியின் நற்பெயருக்கு வரிக்கணக்குக்கும் பங்குண்டு.

கோடு 1816இல் நீங்கியது. 1823ஆம் ஆண்டுச் சட்டம் வரியைக் குறைத்து, 10 பவுண்டுக்கு உரிமம் தந்தது. மறு ஆண்டே கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் உரிமம் எடுத்த ஜார்ஜ் ஸ்மித், கள்ளச்சாராயக்காரரின் மிரட்டலால் இரட்டைக் கைத்துப்பாக்கியோடு நடமாட வேண்டியிருந்தது. 1863இல் ஸ்பே பள்ளத்தாக்குக்கு ரயில் வந்தது. முளைகட்டிய பார்லியான மால்ட்டை உலர்த்த, பீட் எனும் சதுப்புநிலக் கரிக்குப் பதில் நிலக்கரியும் கோக்கும் எளிதில் கிடைத்தன, புகை குறைந்தது. தானியச் சாராயத்தோடு மால்ட் விஸ்கியைக் கலந்து விற்றவர்களுக்கு இந்த மென்மை பிடித்துப்போயிற்று.

அதே விருப்பம் காம்பெல்டவுனைச் சாய்த்தது. 1887இல் வெளிவந்த தம் நூலில் ஆல்ஃபிரட் பர்னார்ட் அந்தச் சிறு துறைமுகத்தில் 21 வடிசாலைகளை விவரிக்கிறார். கனத்த சுவைக்குக் கலப்பு வணிகரிடம் மவுசு குறைந்தது. அமெரிக்க மதுவிலக்கும் சேர்ந்துகொண்டது. 1930களின் நடுவில் எஞ்சியவை ஸ்பிரிங்பேங்கும் கிளென் ஸ்கோஷியாவும் மட்டுமே.

ஐலாவில் பீட் தாராளம். ஆகவே புகை நிலைத்தது. ஆனால் பீட் மட்டுமே எல்லாம் அல்ல என்பதற்கு ஒரு சுவையான சான்று உண்டு. லஃப்ராய்க் விஸ்கியின் விற்பனை முகமையை இழந்த பீட்டர் மெக்கி, 1908இல் பக்கத்திலிருந்த தம் லாகவூலின் வளாகத்துக்குள் மால்ட் மில் என்ற வடிசாலையைக் கட்டினார். லஃப்ராய்க்கை அச்சு அசலாக வடிப்பதே நோக்கம். அதே கடற்கரை, அதேபோன்ற கொப்பரைகள். சுவை மட்டும் பிடிபடவில்லை. 1960களில் மால்ட் மில் மூடப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே இதே தீவின் புன்னஹாபின் வடிசாலை, கலப்பு வணிகருக்காகப் புகையைக் கைவிட்டது. 1973இல் காம்பெல்டவுனின் ஸ்பிரிங்பேங்க், நன்கு புகையேற்றிய மால்ட்டிலிருந்து லாங்ரோ விஸ்கியை வடித்து, ஐலாப் பாணி தீவுக்கு வெளியிலும் சாத்தியம் என்று காட்டியது. சுவை வட்டாரத்தைவிட வடிசாலைக்கே நெருக்கமானது என்றே இவை எண்ண வைக்கின்றன.

இருந்தும் வட்டாரப் பெயர்கள் இன்று முன்னிலும் ஓங்கி ஒலிக்கின்றன. 1963இல் கிளென்ஃபிடிக் வடிசாலை, தான் மட்டுமே வடித்த மால்ட் விஸ்கியான சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே முனைந்து விற்கத் தொடங்கியது. 1988இல் யுனைடெட் டிஸ்டில்லர்ஸ் நிறுவனம் வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு மால்ட்டுகளை ஒரே வரிசையில் கடைக்கு அனுப்பியது. காம்பெல்டவுனுக்கு அதில் இடமில்லை. ஆகச் சிறந்த விற்பனை உத்தி என்றே அந்த வரிசையைச் சொல்ல வேண்டும்.

2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் மேட்டுநிலம், தாழ்நிலம், ஸ்பேசைடு, ஐலா, காம்பெல்டவுன் ஆகிய ஐந்து பெயர்களுக்குச் சட்டக் காப்பளித்தன. அந்தந்த வட்டாரத்தில் வடித்திருந்தால் போதும். சுவைக்கு நிபந்தனையில்லை, பார்லி எங்கு விளைந்தாலும் கேள்வியில்லை. தீவுகள் என்றொரு தனிப்பிரிவும் அவற்றில் கிடையாது; உப்பும் புகையுமாக மணக்கும் ஸ்கை தீவின் டாலிஸ்கர், சட்டப்படி மேட்டுநில விஸ்கிதான்.